பொறியுரையும் உரையளவையும்

ஒரு கூற்றை மெய்யென்று கொள்ளுதற்கு முன்னர், அஃது எவ்வழியால் அறியப்பட்டது என்று வினாவுதல் நூலுணர்ந்தோர் வழக்காகும். அதுபற்றியே அருணந்தி சிவாசாரியரும் சிவஞானசித்தியாருள், பதி பசு பாசம் என்னும் பொருள்களை ஆராயப் புகுமுன் அளவையின் இயல்பை எடுத்தோதினார். துலாக்கோல் செவ்விதென்று தெளியாதவன் பொன்னை நிறுத்துப் பெறும் பயன் யாதும் இல்லை.

இம்மரபு இக்காலத்தார்க்குப் பெரிதும் வேண்டப்படுவதாயிற்று. என்னை? செயற்கை நுண்ணறிவு எனப்படும் பொறிகள், கேட்ட வினாவிற்கெல்லாம் நொடிப்பொழுதில் விடை பகர்கின்றன. 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் பொறி பொதுமக்கட்கு அளிக்கப்பட்டது முதல், மாணாக்கரும் வழக்கறிஞரும் வணிகரும் நோயாளரும் தத்தம் ஐயங்களை அத்தகைய பொறிகளின்பாற் கொண்டு செல்கின்றனர். அவை கூறும் விடை அளவையாமோ, ஆகாதோ என்பதே முதற்கண் ஆராயற்பாலது. பொறி மக்களை வெல்லுமோ என்று அஞ்சுதலும், அதன் ஆற்றலைக் கண்டு வியத்தலும் அதன் பின்னர் வைக்கற்பாலன.

இத்துறையில் முதற்கண் நோக்கத்தக்கது, அலன் டூரிங் (1912–1954) என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1950-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ‘மைண்டு’ என்னும் தத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை. பொறி எண்ணுமோ என்னும் வினாவை அவர் எடுத்துக்கொண்டு, சொற்பொருள் வரையறைப்படாமையால் அவ்வினா பயனற்றதென விலக்கி, அதன் இடத்தில் ஓர் ஆட்டத்தை அமைத்தார். வினவுவோன் ஒருவன் தனியறையில் இருப்பான். வேறிடத்தில் ஒரு மனிதனும் ஒரு பொறியும் இருக்கும். முகமும் குரலும் அறியப்படாதவாறு எழுத்து வடிவில் மட்டும் அவன் இரண்டனோடும் உரையாடி, எது மனிதன், எது பொறி எனத் துணிதல் வேண்டும். ஏறக்குறைய 50 ஆண்டுகளில், ஐந்து நிமிட உரையாடலின் பின் வினவுவோன் சரியாகத் துணிதல் நூற்றுக்கு 70 என்னும் அளவிற்கு மேற்படாதவாறு பொறிகள் ஆடும் என்றும் அவர் முன்னுரைத்தார். காலம் சிறிது நீண்டதாயினும், அவர் கூறியது பெரிதும் நிகழ்ந்தே விட்டது.

அக்கட்டுரையின் சிறப்பு மறைக்கற்பாலதன்று. தம் கொள்கைக்கு எதிராக எழத்தக்க ஒன்பது தடைகளை அவரே எடுத்து நிறுத்தி, ஒவ்வொன்றற்கும் விடை கூறினார். பாபேசு என்பார் வகுத்த கணிப்பொறி தானாக எதனையும் தோற்றுவிக்க வல்லதன்று என்று ஏடா லவ்லேசு அம்மையார் 1843-ஆம் ஆண்டில் எழுதியதும், உணர்வின்றிச் சொற்களைக் கோப்பது எண்ணுதலாகாது என்று செபர்சன் என்னும் மூளை மருத்துவ அறிஞர் 1949-ஆம் ஆண்டில் உரைத்ததும் அத்தடைகளுள் அடங்கும். பிறர் கொள்கையை அதன் வலி குன்றாமல் எடுத்துக்கூறிப் பின்னர் மறுத்தல் தருக்க நூலார் போற்றும் நெறி. அந்நெறி நின்றாருடைய கொள்கையை அந்நெறியானே ஆராய்தல் அவர்க்கு இழுக்காகாது.

ஆட்டத்தின் அமைப்பிலேயே ஒரு குற்றம் உளது. அவர் காட்டும் உரையாடல் ஒன்றில், 34957, 70764 என்னும் எண்களைக் கூட்டுமாறு வினவுவோன் கேட்கின்றான். விடையளிப்பது 30 நொடி தாழ்த்து, 105621 என்கின்றது. உண்மைத் தொகையோ 105721. இவ்வழு கருதியே வைக்கப்பட்டதெனக் கொள்ளுதற்கு இடனுண்டு. என்னை? கணக்கிற் பிழையாமையே பொறியைக் காட்டிக்கொடுத்துவிடும் என்னும் தடைக்கு விடையாக, பொறி வினவுவோனை மயக்கும்பொருட்டு வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தும் என்று அக்கட்டுரையிலேயே அவர் பின்னர்க் கூறுகின்றார். இதனாற் பெறப்படுவது யாது? அவ்வாட்டத்தில் வெல்லுதற்கு மெய் வேண்டப்படுவதில்லை. மனிதன் கூறியது போன்று தோன்றுதல் ஒன்றே வேண்டப்படும். உண்மையைக் கூறின் தோல்வியும், பொய்யைப் பொருந்தக் கூறின் வெற்றியும் எய்தும் இடமும் அதன்கண் உண்டாயிற்று. இத்தகைய தேர்வு நடிப்பை அளக்கும், அறிவை அளவாது.

இனி, சைவ நூல்கள் அளவைகளைப் பலவாறு எண்ணினும், காண்டல் கருதல் உரை என்னும் மூன்றனுள் ஏனையவற்றை அடக்கும். அவற்றுள் உரையளவையாவது ஆப்தர் வாக்கியம். ஆப்தராவார், பொருளை உள்ளவாறு அறிந்தவரும், அறிந்தவாறே பிறர்க்கு உணர்த்தும் விருப்பமுடையவருமாவர். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் அவர் கூற்று அளவையாகாது. அறிந்தும் மறைப்பவன் கூற்றும், உண்மை கூற விரும்பியும் அறியாதவன் கூற்றும் ஒருங்கே விலக்கப்படும். டூரிங் அமைத்த ஆட்டமோ, இவ்விரண்டனையும் கேளாது, கூற்றின் வடிவை மட்டும் கேட்கின்றது.

அற்றேல், பிறன் ஒருவன் அறிகின்றான் என்பதும் அவன் சொல்லாலன்றோ அறியப்படுவது? சொல்லை ஏதுவாகக் கொண்டு மனிதனிடத்து அறிவு உண்டென்பார், அதே சொல்லைப் பொறியிடத்துக் கண்டவழி அறிவு இல்லையென்றல் நடுவுநிலையாமோ எனின், இதுவே டூரிங் செபர்சனுக்குக் கூறிய விடையின் உயிர். இஃது எளிதிற் றள்ளற்பாலதன்று. ஆயினும் கருதலளவையின் இலக்கணம் அறிந்தார்க்கு இதன்கண் உள்ள ஏதுப்போலி விளங்காமற் போகாது. மலையிற் புகை கண்டு தீயுண்மை கருதப்படுவது, தீயில்லாத இடத்துப் புகை பிறவாது என்னும் உடனிகழ்ச்சி பற்றியாம். அடுக்களையிற் பிறந்த புகையைக் குடத்துள் அடைத்துக் கொணர்ந்து, குளத்தங்கரையில் மூடியைத் திறப்பின், ஆண்டும் புகை தோன்றும், தீ இராது. அப்புகை கண்டு குளத்திற் றீ உண்டென்பவன் பிழைபட்டவனாவான். அதுபோல, அறிவின்றிச் சொற்றொடர் பிறவாது என்பது இதுகாறும் தவறாத உடனிகழ்ச்சியாக இருந்தது. அவ்வுடனிகழ்ச்சியைக் குலைக்கும் பொருட்டே அமைந்த கருவி ஒன்று வந்தபின், சொல்லொன்றே அறிவுக்கு ஏதுவாதல் ஒழிந்தது.

குடத்துப் புகை என்னும் உவமை பொறியின் அமைப்பிற்கும் பொருந்துவதாம். மக்கள் எழுதிக் குவித்த நூல்களும் கட்டுரைகளும் உரையாடல்களும் சிறுசிறு சொற்றுணுக்குகளாகப் பகுக்கப்பட்டுப் பொறிக்கு ஊட்டப்படுகின்றன. ஒரு தொடரின் பின் எத்துணுக்கு வருதற்கு எத்துணை இயைபு உண்டென்பதை எண்களாக அது தன்னுள் அமைத்துக்கொள்கின்றது. 2020-ஆம் ஆண்டில் வெளியான ஜிபிடி-3 என்னும் பொறியில் அவ்வெண்கள் 17,500 கோடி. பின்னர், மக்கள் சிலர் விடைகளை ஒப்புநோக்கி, இது நன்று இது தீது என்று குறிக்கும் குறிப்பிற்கேற்ப அவ்வெண்கள் திருத்தப்படும். வினாத் தொடுக்கப்பட்டவழி, அடுத்து வரத்தக்க துணுக்கு ஒவ்வொன்றாக வெளிப்பட்டு விடையாகின்றது. அவ்விடையில் உள்ள ஒளி, முன்னர் எவரெவரோ கண்டும் கருதியும் எழுதியவற்றின் ஒளி. ஆண்டுத் தீ இருந்தது மெய். ஈண்டு வந்தது புகையே. பொறியின் விடை பலவிடத்து உண்மையாதலும் சிலவிடத்துப் பொய்யாதலும் இதனால் விளங்கும்.

புத்தகமும் அறிவில்லாத தாளும் மையுமேயன்றோ, அஃது உரையளவையாகக் கொள்ளப்படுமாறு யாங்ஙனம் எனின், கூறுதும். புத்தகத்தின் பின் அதனைச் செய்தார் ஒருவர் உளர். அவர் எத்தகையார், எதனைக் கண்டார், எங்குப் பிழைத்தார் என்று வினவ இயலும். அவரும் பிழை காட்டப்பட்டவழித் திருத்தவோ, நாணவோ, மறுக்கவோ கடமைப்பட்டவர். பொறி கூறும் தொடர்க்கோ, இதனை யான் அறிந்து கூறினேன் என்று முன்னின்று ஏற்பவர் ஒருவரும் இலர். பழைய அளவை நூலார் ஐதிகம் என்றொன்றை எண்ணினர். இன்னார் கூறினார் என்று அறியப்படாமல், வழிவழியாக வரும் கூற்று அது. இவ்வாலமரத்திற் பேய் உண்டு என்று ஊரார் கூறுவது அதற்கு எடுத்துக்காட்டு. முதற்கண் கூறினார் ஆப்தராதல் தெளியப்படின் அஃது உரையுள் அடங்கும்; தெளியப்படாவிடின் அளவையாகாது என்பது தருக்கத்தார் துணிபு. பொறியுரையை நிறுத்தற்குரிய இடம் இவ்வைதிகமே. வேற்றுமை ஒன்றே: ஊரார் கூற்று மெல்ல வரும், மழுங்கிய சொல்லால் வரும், பொறியுரை விரைந்து வரும், புலவர் சொல்லால் வரும். அதனால் மயங்குவார் தொகை மிகும்.

இம்மயக்கத்தின் பயன் ஒரு வழக்கிற் கண்கூடாயிற்று. விமான நிறுவனம் ஒன்றன்மேல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2023-ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரத்து வழக்கறிஞர் நீதிமன்றத்திற்குச் சமர்ப்பித்த எழுத்துரையில், முன்னை வழக்குகள் ஆறு மேற்கோளாகக் காட்டப்பட்டிருந்தன. வழக்கின் பெயர், நீதிமன்றம், தீர்ப்பின் சொற்கள் அனைத்தும் முறைப்படி இருந்தன. தேடிப் பார்த்தவழி, அவ்வாறனுள் ஒன்றேனும் உலகில் நிகழ்ந்ததன்று. சாட்ஜிபிடி கூறியவற்றை அவ்வண்ணமே எடுத்தாண்டமை வெளிப்பட்டது. இவை மெய்யான வழக்குகளோ என்று வழக்கறிஞர் வினவியதும் அப்பொறியையே. அது மெய்யென்றே விடை கூறிற்று. சான்றின்மேல் ஐயம் எழுந்தவழி அச்சான்றையே மீளச் சான்றாக அழைத்தல் எவ்வளவை நூலும் ஒப்பாதது. அவ்வாண்டு ஜூன் திங்களில் நீதிபதி கேசுடல் 5,000 டாலர் தண்டம் விதித்தார். தண்டம் எவர்க்கு விதிக்கப்பட்டது என்பது கருதற்பாலது. கையொப்பமிட்ட மனிதர்க்கே விதிக்கப்பட்டது. பொறிக்கு விதித்தல் கூடாமையின். கூற்றிற்குப் பொறுப்பேற்பவர் எவரோ அவரே கூறினார் என்பது உலகவழக்கும் ஆதல் இதனால் அறியப்படும்.

இப்பிழையைத் திரிவுக்காட்சி என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. கயிற்றைப் பாம்பென்று கண்டவன் திரிபுணர்ந்தவன். அவனிடத்துக் காணும் ஆற்றல் உண்மையின் விளக்குக் கொணர்ந்தவழித் தெளிவான். கயிறும் பாம்பும் ஆகிய இரண்டனையும் காணாததற்குத் திரிவு யாண்டையது? அதனிடத்து மெய்யுரையும் பொய்யுரையும் பிறக்கும் முறை ஒன்றே. அவற்றைப் பிரித்தறிதல் கேட்போனது தொழிலாயிற்று.

அற்றன்று, பொறிகள் மக்கள் அறியாத மெய்களையும் கண்டு கூறுகின்றனவே எனின், அதுவும் ஆராயற்பாலது. உடலின்கண் உள்ள புரதங்கள் எவ்வாறு மடிந்து வடிவுறும் என்பதைக் கணிக்கும் ஆல்பாபோல்டு என்னும் பொறி 2020-ஆம் ஆண்டில் நிகழ்ந்த தேர்வில் பெருவெற்றி எய்தியது. அதனை ஆக்கிய டெமிசு அசாபிசு, ஜான் ஜம்பர் என்பார் 2024-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். இது மெய், போற்றத்தக்கது. ஆயின் அப்பொறியின் கூற்று நம்பப்பட்டவாறு என்னை? ஆய்வாளர் கதிர்கள் முதலியவற்றால் வடிவு கண்டும் வெளியிடாது வைத்திருந்த புரதங்களை அதற்குக் கொடுத்து, அது கூறியதைக் கண்டதனோடு ஒப்பிட்டு, பொருந்தியமை அறிந்த பின்னரே நம்பப்பட்டது. அது பயின்றதும், 1971-ஆம் ஆண்டு முதல் தொகுக்கப்பட்டு வரும் புரத வடிவத் தொகுதியைக் கொண்டு. அத்தொகுதியோ எண்ணற்ற ஆய்வாளர் அரிதின் முயன்று கண்ட காட்சிப் பொருள். ஆகவே ஆண்டும் காண்டலே அளவையாயிற்று. பொறியின் கூற்று, இவ்வழித் தேடுக என்று காட்டும் குறிப்பாயிற்று. அவ்வளவில் நிற்குமாயின் பொறி சிறந்த துணையென்பதில் ஐயமில்லை.

சில பொறிகள் இக்காலத்துத் தம் விடையொடு மூலத்தையும் சுட்டுகின்றன. அதுவும் இக்கருத்திற்கு அரணேயாம். மூலத்திற் சென்று கண்டவழி அளவையாவது மூலம். செல்லாதவழிச் சுட்டியதனாற் பயனில்லை.

பொறி என்னும் சொல் இயந்திரத்திற்கும் மெய் வாய் கண் மூக்குச் செவிகட்கும் பொதுவாதல் ஈண்டு நினைக்கத்தக்கது. கண் தானே காண்பதன்று. உயிர் கண்ணைக் கருவியாகக் கொண்டு காணும். ஆதலின் ஆன்மாவின் சிற்சத்தியே உண்மையான அளவை, ஏனைய அதற்குத் துணை என்று சித்தாந்தம் கூறும். அம்முறையால் நோக்கின், கண்ணின் முன் வைத்த விளக்கைப் போல இப்பொறியும் உயிர்க்குக் கருவியாகலாம். விளக்கை வேண்டாவென்பவன் பேதை. விளக்கே காணும் என்று தன் கண்ணை மூடிக்கொள்பவன் அவனினும் பேதை.

அவ்வாறு கண்ணை மூடிக்கொள்ளுதல் மக்கட்கு எத்துணை எளிதென்பதை ஜோசப் வைசன்பாம் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் நெடுநாட்கு முன்னரே கண்டார். 1966-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட எலிசா என்னும் கணினி நிரல், பேசுவோர் கூறிய சொற்களையே சிறிது மாற்றி வினாவாகத் திருப்பிக் கூறுவதன்றி வேறொன்றும் அறியாதது. அதனை அவர் அமைத்தமையை அருகிருந்து கண்ட அவர்தம் செயலாளரே, அதனோடு சிறிது பேசிய பின்னர், தனித்துப் பேசவேண்டும், அறையை விட்டு வெளியே செல்க என்று அவரை வேண்டினார். அது கண்டு திடுக்குற்ற அவர் 1976-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். கணிப்பு வேறு, தீர்ப்பு வேறு. பொறியாற் செய்ய இயலும் என்பது பற்றியே ஒன்றைப் பொறிபால் ஒப்படைத்தல் தகாது என்பது அந்நூலின் கருத்து. பொறியை ஆக்கியவரே கூறினமையின் அது பெருமதிப்புடையது. டூரிங் தோற்றத்தோடு நின்றார். வைசன்பாம் தோற்றத்தின் பின் எவர் உளர் என்று வினவினார். இருவருள் உண்மைக்கு அணித்தாகச் சென்றவர் பின்னவரே.

இனி அறிவிற்கும் ஞானத்திற்கும் உள்ள வேற்றுமை நோக்குக. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் எனச் சைவ நூல்கள் ஞானத்தின் படிகளை வகுத்தன. இவற்றுட் பொறியால் உதவப்படுவது கேட்டல் ஒன்றே. சிந்தித்தலாவது கேட்டதைத் தன் ஐயத்தோடு மோதவிட்டு ஆராய்தல். தெளிதலாவது அம்மோதலில் ஐயம் நீங்கித் தன்னுள் நிலைபெறுதல். இவற்றைப் பிறரைக்கொண்டு செய்வித்தல் இயலாது. ஒருவன் உண்ண மற்றொருவன் பசி தீராமை போல. இக்காலத்து மாணாக்கன் கட்டுரையைப் பொறியைக் கொண்டு எழுதுவித்து, ஆசிரியர்பால் நீட்டுமிடத்து, இழப்பது மதிப்பெண்ணின் நேர்மை மட்டுமன்று. எழுதத் தொடங்கி, சொல் வாராது தயங்கி, தான் அறியாதது இதுவென்று உணரும் அந்நிலையை இழக்கின்றான். கல்வி ஆண்டுத்தான் தொடங்குவது.

இக்குற்றம் பொறியோடு பிறந்ததுமன்று. சூத்திரமும் உரையும் வரி பிசகாது ஒப்பித்து, அதன் பொருள் யாதென்று வினவியவழி அதே வரியை மீள ஒப்பிக்கும் புலமை, ஏட்டுக் கல்வியின் காலத்தும் இருந்தது. மடங்களிலும் பாடசாலைகளிலும் இருந்தது. அவரும் ஆப்தர் ஆகார். அத்தகைய புலமையைப் பொறி இனி வேண்டாததாக்கி விடுமாயின், அதன்பொருட்டு வருந்துதற்கு யாதும் இல்லை. பொருளை உணர்ந்தான் ஒருவனிடத்தில் மட்டுமே எஞ்சி நிற்கும் கல்வி இன்னதென அது தெளிவாக்கும்.

வருந்துதற்குரியது வேறொன்று. ஏட்டை ஏடு பார்த்தெழுதும்போது ஒருவர் விட்ட எழுத்தை அடுத்தவர் தம் கருத்தால் நிரப்ப, அவர் நிரப்பியதை அடுத்தவர் பாடமாகக் கொள்ள, நூல் வரவரச் சிதைவதைப் பதிப்பாசிரியர் அறிவர். வேறு குலத்து ஏடொன்று கிடைத்தாலன்றிச் சிதைவு தெரியாது. பொறி எழுதியவற்றையே பொறிக்கு ஊட்டி, அது எழுதியதை மீளவும் ஊட்டினால், அருகிய செய்திகள் முதலில் மறைந்து, பின்னர் விடைகள் முற்றும் சிதையும் என்று 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. மக்கள் காண்டலையும் கருதலையும் கைவிட்டுப் பொறியுரையையே எழுதிக் கொண்டிருப்பாராயின், பொறிக்கும் புதிது ஊட்டுவார் இலராவர். அடுப்பு அவிந்தபின் குடத்திற்குப் புகை வரும் வழியில்லை.

ஆகலின் பொறியுரை உரையளவை ஆகாதென்பதும், முதற்கூறினார் தெளியப்படாத ஐதிகத்தோடு வைத்து எண்ணற்பாலதென்பதும் துணிபு. அதனைக் கேட்டல் குற்றமன்று. கேட்டதனை மூலத்தில் வைத்துக் காண்டலும், காரணத்தில் வைத்துக் கருதலும், தன் பெயரால் ஏற்றுக் கையொப்பமிடத் துணியும் அளவிற்குத் தெளிதலும் கேட்டோன் கடன். அக்கடனை மாணாக்கர்க்குப் பயிற்றுதல் ஆசிரியர் கடன். பொறிகள் மேன்மேலும் நாவன்மை பெறுந்தோறும் இவ்விரு கடனும் பெருகுமேயன்றிக் குறையா.